செரோக்கிக்கு டானா 44 முன் ஆக்ஸில் மாற்றிய பிறகு: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

ஆக்ஸில் காயலாங்கடையில் மலிவாகக் கிடைத்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளில் வண்டிக்கு அடியில் ஏற்றியும்விடலாம். தொல்லை முதல் ஓட்டத்தில்தான் ஆரம்பிக்கும். 50 மைல் வேகத்தில் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், அடியிலிருந்து முனகல் வரும், பிரேக் மிதி பாதி தூரம் சும்மா இறங்கும். உடனே ஆளாளுக்கு ஒரு பாகத்தை வாங்கச் சொல்வார்கள். வாங்காதீர்கள். இந்த மாற்றத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கோணத்திலோ ஆட்டத்திலோதான் இருக்கும். அளந்து பார்க்கக் கோணமானி ஒன்று, டேப் ஒன்று, ஸ்டியரிங்கை ஆட்ட இன்னொரு ஆள் இருந்தால் போதும்.

இங்கே பேசுவது 1984 முதல் 2001 வரை வந்த ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே பற்றி. கம்பெனி கொடுத்த முன் ஆக்ஸில் டானா 30. உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனின் விட்டம் சுமார் 7.2 அங்குலம், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் ஷாஃப்டுக்கு 27 பல். 35 அங்குல டயரும் லாக்கரும் (இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் பாகம்) போட்டுப் பாறையில் ஏற்றினால் இது தாங்காது. கைச்செலவுக்கு அடங்கிய மாற்று 1978-79 ஃபோர்டு எஃப்-150 அல்லது பிராங்கோவின் ஹை பினியன் டானா 44. ஹை பினியன் என்றால் கிரவுனைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன், கிரவுனின் நடுவுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். கிரவுன் 8.5 அங்குலம், உள் ஷாஃப்டுக்கு 30 பல், 2.75 அங்குலக் குழாயின் சுவர் கனம் மட்டும் அரை அங்குலம். டிஃபரென்ஷியல் உருண்டை ஓட்டுநர் பக்கம், அதாவது அமெரிக்க வண்டியில் இடது பக்கம் இருக்கிறது. என்ஜின் பலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் முன் வெளியீடும் செரோக்கியில் அதே பக்கம். 1970-களின் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) லாரிகளின் டானா 44 இன்னும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் உருண்டை வலது பக்கம். விலையைப் பார்த்து அதைத் தூக்கி வந்தால் பழைய இரும்பு விலைக்குத்தான் திரும்பப் போகும்.

பெயர் விஷயத்தில் ஒன்று. அமெரிக்கர்கள் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பிக்குச் சொல்லும் பெயரும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து நக்கிளுக்கு (சக்கரத்தைத் தாங்கி அதோடு ஒடியும் வார்ப்பு) போகும் கம்பிக்குச் சொல்லும் பெயரும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி வந்து குழப்பும். அதனால் முன்னதை நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்வதுபோல் பான்ஹார்டு ராடு என்றும், பின்னதை டிராக் லிங்க் என்றும் எழுதியிருக்கிறது.

எந்த அறிகுறிக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை

டயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, சக்கர நட்டுகள் டார்க் பார்த்து இறுக்கியவையா, கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகள் வண்டி சொந்தக் காலில் நிற்கும்போது இறுக்கியவையா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆக்ஸில் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில வாரத்தில் ரப்பர் கிழியும். அதுவரை வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதற்குக் காரணம் ஸ்பிரிங் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது ஆட்டச் சோதனை. நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும், ஜாக்கி வேண்டாம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் ஸ்டியரிங்கைக் கடிகாரத்தில் பத்துக்கும் இரண்டுக்கும் இடையே வேகமாக ஆட்டட்டும். கியர் பார்க்கில், ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. நீங்கள் முன்பக்கம் படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வையுங்கள். பாதி விரல் ஒரு பாகத்தில், பாதி அடுத்த பாகத்தில். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆட்டமும் விரலுக்குத் தெரியும். பான்ஹார்டு ராடின் இரண்டு முனை, டிராக் லிங்க்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை, ஸ்டியரிங் பெட்டி சட்டத்தில் உட்காரும் இடம் என ஏழு இடம். ஒன்றும் விடாமல் பாருங்கள்.

மேட்டில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுகிறது

மணிக்கு 45 முதல் 55 மைல் வேகத்தில் பாலத்து இணைப்பிலோ சின்னப் பள்ளத்திலோ ஒரு சக்கரம் பட்டதும் முன்பக்கம் முழுக்க வலமும் இடமுமாக உதறும். வேகம் வெகுவாகக் குறைந்தால்தான் நிற்கும். வந்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பதறாமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெதுவாகப் பிரேக் போட்டு ஓரம் கட்டுங்கள்.

இதற்கு முதலில் விற்கப்படும் மருந்து ஸ்டியரிங் டாம்பர். டாம்பர் ஆட்டத்தை மறைக்குமே தவிர நீக்காது. புது டாம்பர் போட்டதும் நின்றுவிட்டால் கோளாறு அங்கேயேதான் இருக்கிறது, டாம்பர் தேய்ந்ததும் திரும்பி வரும். டாம்பரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் பேயாட்டம் வராத வண்டியே சரியான வண்டி.

பார்க்கும் வரிசை இப்படி. முதலில் பான்ஹார்டு ராடு. புது ஆக்ஸிலில் பிராக்கெட் நீங்களே வெல்டிங் வைத்ததாகத்தான் இருக்கும். செரோக்கியின் ராடில் ஆக்ஸில் பக்க ஓட்டை சின்னது. அதில் போல்ட் தளர்ந்து ஓடினால் ஓட்டை முட்டை வடிவாகிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. ஓட்டையை அரை அங்குலத்துக்குத் துளைத்து, கனமான வாஷரைச் சுற்றி வெல்டிங் வைத்து, தரம் 8 போல்ட் போடுங்கள். போல்ட்டின் மறை இல்லாத வழுக்குப் பகுதிதான் ஓட்டைக்குள் உட்கார வேண்டும். மறை ஓட்டைக்குள் உட்கார்ந்தால் அது அரமாகி ஓட்டையை அறுக்கும். பிராக்கெட் உயரமாக நின்றால் அது வளைகிறதா என்றும் ஆட்டச் சோதனையில் கவனியுங்கள். 5 அங்குல உயரத்துக்கு ஒற்றைத் தகடு போதாது, பெட்டி மாதிரி மூடி, பின்பக்கம் டிரஸ்ஸோடு (ஆக்ஸில் குழாய் மேல் வெல்டிங் வைக்கும் வலுவூட்டும் சட்டம்) ஒரு சாய்வுத் தகட்டால் கட்டுங்கள்.

இரண்டாவது பால் ஜாயிண்ட். ஃபோர்டு டானா 44-இல் மேல் பால் ஜாயிண்ட் உட்காரும் இடத்தில் மறையிட்ட, பிளவுபட்ட ஸ்லீவ் ஒன்று உண்டு. காயலாங்கடை ஆக்ஸிலைப் பிரிக்கும்போது இது துருவேறிய வளையமாகத் தெரிவதால் கவனிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இறுக்க நாலு காது உள்ள தனி சாக்கெட் வேண்டும். ஆணி அடித்துத் திருப்பினால் காது உடையும். வரிசை: கீழ் நட்டு 70 முதல் 80 அடி-பவுண்டு, பிறகு ஸ்லீவ் 50, கடைசியாக மேல் நட்டு 100. இந்த வரிசை மாறினால் ஒன்று ஆட்டம் வரும், அல்லது நக்கிள் திரும்பவே மறுக்கும்.

மூன்றாவது டோ. இரண்டு டயரின் முன் விளிம்புகளுக்கு இடையிலான தூரம், பின் விளிம்புகளுக்கு இடையிலானதைவிட 1/16 முதல் 1/8 அங்குலம் குறைவாக இருக்கட்டும். டயரின் ரப்பர்க் கட்டிகளில் அளக்காதீர்கள், மட் டயரில் அது எப்போதும் பொய் சொல்லும். ஒவ்வொரு பிரேக் டிஸ்க்கிலும் ஒரு நேரான சதுரக் குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, டயர் விட்டத்துக்குச் சமமான தூரத்தில் முன்னும் பின்னும் அளங்கள்.

நாலாவது டயர். முன் டயர்களைப் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் வரும் வேகமோ விதமோ மாறினால் டயர் பேலன்ஸ் ஒரு காரணம். மாறாவிட்டால் மேலே சொன்ன மூன்றில் ஒன்றை விட்டுவிட்டீர்கள்.

காஸ்டர், அதாவது பால் ஜாயிண்ட் அச்சு பின்னால் சாயும் கோணம், குறைவாக இருந்தாலும் ஆட்டத்தைத் தூண்டும், 8 டிகிரிக்கு மேல் போனாலும் தூண்டும். ஆனால் காஸ்டர் தனியாக இதைக் கொண்டுவருவது அரிது. எங்காவது ஒரு தளர்ச்சி இருக்கும், காஸ்டர் அதற்கு ஊதிவிடும்.

நேர் ரோட்டில் வண்டி அலைகிறது, ஒடித்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை

முழு மாற்றத்திலும் சிக்கலான இடம் இதுதான். பினியன் கோணமும் காஸ்டரும் ஒரே இரும்பில் இருக்கின்றன. வண்டியை 5 அங்குலம் உயர்த்தியதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பினியனுக்கு வரும் முன் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாயும். அதைப் பார்க்கும்படி பினியன் மூக்கை மேலே தூக்கினால், குழாயின் இரண்டு முனையிலும் நக்கிளைத் தாங்கும் சி வடிவ வார்ப்பும் கூடவே உருளும், காஸ்டர் குறையும். காஸ்டரைச் சரிசெய்யப் பினியனை இறக்கினால் ஷாஃப்ட் உறுமும்.

அளப்பது இப்படி. வண்டி சமதரையில், வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு நிற்கட்டும். பால் ஜாயிண்ட் அச்சுக்கு நேர்குத்தாக இருக்கும் மழித்த பரப்பு ஒன்றில் கோணமானியை வையுங்கள், கீழ் பால் ஜாயிண்டின் அடித்தட்டு அதற்கு வசதி. மேல் பால் ஜாயிண்ட் கீழதைவிடப் பின்தள்ளி இருந்தால் காஸ்டர் பாசிட்டிவ். நமக்கு வேண்டியது 5 முதல் 7 டிகிரி பாசிட்டிவ். 3 டிகிரிக்குக் கீழே போனால் வண்டி அலையும், ஒடித்த ஸ்டியரிங்கைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.

கன்ட்ரோல் ஆர்ம் நீளத்தை மாற்றி இரண்டையும் பாதிப் பாதியாகச் சமாளிப்பது மலிவு வழி. பினியன் 2 டிகிரி தவறி, காஸ்டர் 4 டிகிரியோடு ஓடும் வண்டிகள் உண்டு. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடாத வண்டிக்கு அது போதும். மற்றவர்கள் சி-யைத் திருப்பியே ஆக வேண்டும், அதையும் பிராக்கெட் வெல்டிங்குக்கு முன்பே முடிக்க வேண்டும்.

உதாரணமாகப் பினியனை ஷாஃப்டுக்கு நேராக வைத்தபோது காஸ்டர் 1 டிகிரி, வேண்டியது 6 என்று வைப்போம். சி-யின் தலை 5 டிகிரி பின்னால் சாய வேண்டும். குழாயின் வெளிச் சுற்றளவு சுமார் 219 மில்லிமீட்டர், ஆகவே ஒரு டிகிரிக்குக் குழாய் மேல் 0.6 மில்லிமீட்டர்தான் வரும். 5 டிகிரி என்பது வெறும் 3 மில்லிமீட்டர் நகர்வு! சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டால் கோட்டின் தடிமனே 2 டிகிரியைத் தின்றுவிடும். கூரான ஊசியால் குழாயிலிருந்து சி வரை ஒரு கீறல் போடுங்கள். கிரைண்டரால் வெல்டிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட, ஒரு கட்டத்தில் குழாய்க்கும் வார்ப்புக்கும் நடுவே மயிரிழைபோல் கறுப்புக் கோடு சுற்றிவரத் தெரியும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குழாயை அறுக்கிறீர்கள். லேசாகச் சூடேற்றி, 10 பவுண்டு சம்மட்டியால் சி-யின் காதில் தட்டினால் நகரும். இரண்டு பக்கமும் அரை டிகிரிக்குள் ஒத்துவந்ததும் நாலு இடத்தில் டேக் வைத்து, மறுபடி அளந்து, பிறகுதான் முழு வெல்டிங்.

காஸ்டர் சரியாக இருந்தும் ஸ்டியரிங் திரும்பி வரவில்லையா? டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் திருப்புங்கள். இரண்டு கையால் தள்ளினால் கனமாக ஆனால் சீராகத் திரும்ப வேண்டும். கடப்பாரை தேவைப்பட்டால் மேலே சொன்ன ஸ்லீவ் அதிகமாக இறுகியிருக்கிறது.

பள்ளத்தில் இறங்கினால் வண்டி தானாக ஒரு பக்கம் ஒடிகிறது

முன்னால் நின்று பாருங்கள். டிராக் லிங்க்கும் பான்ஹார்டு ராடும் இணையாகவும் கிட்டத்தட்ட ஒரே நீளத்திலும் இருக்க வேண்டும். இரண்டின் சாய்வு வித்தியாசம் 2 டிகிரியைத் தாண்டினால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் சுழன்று, ஒன்று மற்றதைத் தள்ளிவிடும்.

செரோக்கியின் கம்பெனி ஸ்டியரிங் தலைகீழ் ஒய் வடிவம். டானா 44-க்கு அதை நீட்டி மாட்டினால், வண்டி ஏறி இறங்கும்போது டோ-வும் மாறும். ஒரு நக்கிளிலிருந்து மறு நக்கிளுக்கு நேரே போகும் டை ராடும் தனி டிராக் லிங்க்கும் செய்துவிடுங்கள். ஒன்றேகால் அங்குல வெளி விட்டம், கால் அங்குலச் சுவருள்ள டிஓஎம் எனும் இழுத்துச் செய்த இரும்புக் குழாய், ஒரு முனையில் வலது மறை, மறு முனையில் இடது மறை, 7/8 அங்குலம் 18 மறைக்கு உள்மறை வெட்டும் டேப். ஜிஎம் ஒரு டன் லாரியின் டை ராடு முனைகள் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். காட்டுக்குள் உடைந்தாலும் பக்கத்து ஊரில் கிடைக்கும் சாமானைப் போடுவதுதான் சிக்கனம்.

இங்கே வரும் தவறு ரீமரில். முனையின் கூம்புக்கு ஏற்ப நக்கிள் ஓட்டையை ரீமர் போட்டுச் சாய்க்கும்போது அதிகம் எடுத்துவிட்டால், கூம்பு ஆழமாக இறங்கி, நட்டு மறையின் அடிக்குப் போய் நின்றுவிடும். இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் கூம்பு பிடித்திருக்காது. கொஞ்சம் எடுத்து, முனையை வைத்துப் பார்த்து, மறுபடி எடுங்கள். நட்டு உட்காரும்போது பிளவு முள் ஓட்டை நட்டின் வெட்டுக்கு நேராகத் தெரிய வேண்டும். நட்டைத் தாண்டி வெளியே தெரிந்தால் நக்கிள் போயிற்று.

வேகம் எடுத்தால் அடியில் உறுமல் அல்லது அதிர்வு

இந்த ஆக்ஸிலில் கையால் பூட்டும் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்டோடு சேர்ப்பதும் பிரிப்பதும் இதுதான்) இருப்பது பெரிய வசதி. ஹப்பைத் திறந்துவிட்டு, டூ வீலில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் காரணம் ஷாஃப்டிலிருந்து ஆக்ஸில் வரைக்குள் இருக்கிறது. போகாவிட்டால் டயர், சக்கர பேரிங், அல்லது பின்பக்கம். அடுத்து முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு ஹப்பைப் பூட்டி ஓட்டுங்கள். சத்தம் நின்றால் ஷாஃப்ட், தொடர்ந்தால் கிரவுன், பினியன். இந்த இரண்டு ஓட்டத்துக்கு அரை மணி நேரம் ஆகும். கிரவுன், பினியனை அநாவசியமாகப் பிரிக்கும் ஒரு நாள் மிச்சம்.

செரோக்கியின் முன் ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் (ஷாஃப்டைக் கோணத்தில் சுழலவிடும் மூட்டு), பினியன் பக்கம் ஒற்றைக் கிராஸ். ஆகவே பினியன் நேராக ஷாஃப்டைப் பார்க்க வேண்டும், ஒற்றைக் கிராஸில் கோணம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். பின் ஷாஃப்டுக்கு இணைகோணம் வைக்கும் கணக்கை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது இரண்டு முனையிலும் ஒற்றைக் கிராஸ் உள்ள ஷாஃப்டுக்கு மட்டும்.

பினியன் யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை) 1330 அளவாகவும் ஷாஃப்ட் 1310 ஆகவும் இருந்தால் கிராஸ் உட்காராது. கேப் விட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான், அகலம்தான் வேறு. இரண்டையும் சேர்க்கும் மாற்றுக் கிராஸ் கடையில் விற்கிறது. ஷாஃப்டை வெட்ட வேண்டியதில்லை.

கிரவுன், பினியன் முனகுகிறது, உருண்டை தொட முடியாதபடி சுடுகிறது

முதலில் ஆயில். பினியன் மூக்கை மேலே தூக்கியதும் முன் பினியன் பேரிங் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்விடும். நிரப்பும் ஓட்டையில் வழிகிறவரை ஊற்றினேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள். பேரிங் காய்ந்துகொண்டிருக்கும். மூடியில் பழைய ஓட்டைக்கு ஒரு அங்குலம் மேலே புது ஓட்டை போட்டு, அந்த மட்டம்வரை நிரப்புங்கள். அப்படிச் செய்யும்போது காற்றுப்போக்கிக் குழாய் உயரமாக என்ஜின் அறைக்குள் போக வேண்டும்.

ஹை பினியன் உருண்டைக்கு எதிர்த்திசையில் வெட்டிய பற்கள் வேண்டும். சாதாரண டானா 44 கிரவுன், பினியன் விலை குறைவு என்று வாங்கி வந்தால் உள்ளே சேராது. கிரவுனைத் தாங்கும் கூடான கேரியருக்கும் பல் விகிதத்தில் ஒரு எல்லை உண்டு. 3.73-உம் அதற்குக் கீழும் ஒரு கேரியர், 3.92-உம் அதற்கு மேலும் வேறு கேரியர். காயலாங்கடையில் 3.54 கொண்ட ஆக்ஸிலை எடுத்துவிட்டு 4.56 போட நினைத்தால் கேரியர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். லாக்கர் எப்படியும் வாங்குவதாக இருந்தால் அதையே சரியான பக்கத்துக்கு வாங்கிவிடலாம்.

பல் இடைவெளி 0.006 முதல் 0.010 அங்குலம். டயல் கேஜில் நாலு இடத்தில் பாருங்கள். புது பேரிங்கில் பினியனைச் சுழற்ற 20 முதல் 40 அங்குல-பவுண்டு, ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் முனகினால் பெரும்பாலும் பினியன் ஆழம். எப்போதும் உறுமிக்கொண்டே இருந்தால் பேரிங்.

ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுக்கிப் பிடிக்கிறது

முன், பின் விகிதம் ஒத்துப்போகவில்லை. செரோக்கிகளில் 3.07, 3.55, 3.73 என்று பல உண்டு, ஃபோர்டு ஆக்ஸில் 3.54 அல்லது 4.09. 3.54-க்கு 3.55 பரவாயில்லை, 4.09-க்குப் பின்னால் 4.10 அல்லது 4.11 பரவாயில்லை. ஃபோர்டு கம்பெனியே அப்படித்தான் கலந்து விட்டது. 3.73-உம் 4.09-உம் சேராது. மண்ணில் சமாளிக்கும், பாறையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினை நீட்டிவிடும்.

தகட்டில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், நாற்பது வருடத்தில் யாராவது மாற்றியிருப்பார்கள். லாக்கர் இல்லாத ஆக்ஸிலில் இரண்டு ஹப்பையும் பூட்டி, ஒரு சக்கரத்தைக் கட்டி, மறு சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுவே விகிதம்.

பிரேக் மிதி ஆழமாகப் போகிறது

எத்தனை முறை காற்று எடுத்தாலும் மிதி பஞ்சாகவே இருந்தால், காலிப்பரின் காற்றுத் திருகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். வலது காலிப்பரை இடதில் மாட்டினால் திருகு கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அடிக்கடி நடப்பதுதான்.

திருகு மேலே இருந்தும் மிதி கெட்டியாக, ஆனால் தாழ்ந்து நிற்கிறதா? ஃபோர்டு காலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதிக ஆயில் கேட்கிறது. 1995-96 செரோக்கியின் இரட்டை டயாஃப்ரம் பூஸ்டரும் அதோடு வரும் மாஸ்டர் சிலிண்டரும் காயலாங்கடையில் தேடிப் பிடிக்க வேண்டிய சாமான். ஹோஸ் நீளத்தை ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஃபோர்டு ஹப்பில் அதற்கான பல் வளையம் கிடையாது.

ஆயில் குழாய் முனையில் வடிகிறது, ஷாஃப்ட் உள்ளே போக மறுக்கிறது

காற்றுப்போக்கி அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாய் வளைந்ததா என்று பாருங்கள். டிரஸ்ஸை ஒரே மூச்சில் நீளமாக வெல்டிங் வைத்தால் குழாய் வெல்டிங் பக்கம் வாழைப்பழமாக வளையும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஒரே கோடு வேண்டாம். இடது, வலது, நடு என்று மாற்றி மாற்றி, கை வைத்தால் தாங்கும் சூட்டுக்கு வந்த பிறகே அடுத்தது. உருண்டை வார்ப்பிரும்பு. அதில் வெல்டிங் வைக்க 200 முதல் 260 டிகிரி செல்சியஸ்வரை முன்சூடு, நிக்கல் ராடு, முடிந்ததும் உலர்ந்த மணலிலோ வெல்டிங் போர்வையிலோ மூடி மெதுவாக ஆறவிடுதல். அவசரப்பட்டால் மறுநாள் காலையில் ஓரத்தில் விரிசல் தெரியும். எஃப்-150 குழாயில் ரேடியஸ் ஆர்முக்காக வார்த்த ஆப்புகளை மழித்த இடத்துக்கும் இதே மரியாதை.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். அசிட்டோனால் துடையுங்கள், காயவிடுங்கள். வண்டியில் இருக்கும்போதே வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரியின் இரண்டு வயரும் கழன்றிருக்கட்டும்.

உள் சீல் கேரியர் பேரிங்குக்குப் பின்னால் இருக்கிறது, மாற்றக் கேரியரை வெளியே எடுக்க வேண்டும். அதனால் ஷாஃப்டைச் சொருகும்போது பற்களை சீல் உதட்டில் இழுக்காமல், தூக்கிப் பிடித்து நேரே விடுங்கள்.

குழியில் விழும்போது ‘டங்’ என்று அடி

ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ஆக்ஸிலை ஜாக்கியால் முழுக்க மேலே ஏற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும், பிறகு மறு பக்கம் மட்டும், பிறகு இரண்டும். உருண்டையோ பினியனோ ஆயில் சட்டியைத் தொடுகிறதா, டை ராடு எதிலாவது முட்டுகிறதா, ஷாஃப்டின் வழுக்குப் பகுதி அடியில் இடிக்கிறதா என்று பாருங்கள். முழுக்க ஏறிய நிலையில் வழுக்குப் பகுதியில் குறைந்தது அரை அங்குலம் மிச்சம் வேண்டும். முழுக்கத் தொங்கும்போது ஒன்றரை அங்குலமாவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். ஷாஃப்ட் அடியில் இடித்தால் அந்த அடி நேரே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும். ஆயில் சட்டிக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே அரை அங்குலமாவது இருக்கும்படி பம்ப் ஸ்டாப்பை (ஆக்ஸில் மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர் முட்டு) நீளமாக்குங்கள். ரப்பர் அமுங்கும் தூரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்திலிருந்து ‘டக் டக்’

முன்னால் 5 போல்ட் 5.5 அங்குல வட்டம், செரோக்கியின் பின்னால் 5 போல்ட் 4.5 அங்குல வட்டம். அதே ஃபோர்டின் 9 அங்குலப் பின் ஆக்ஸிலையும் சேர்த்து எடுக்காதவர்கள் பின்னால் அடாப்டர் போடுகிறார்கள். அடாப்டர் நட்டுகளை 80 முதல் 110 அடி-பவுண்டுக்கு இறுக்கி, 50 மைல் ஓட்டி, சக்கரத்தைக் கழற்றி மறுபடி இறுக்குங்கள். சத்தம் முன்னால் என்றால் ஹப் பேரிங். உள் நட்டை 50 அடி-பவுண்டுக்கு, டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, எட்டில் ஒரு பங்கு சுற்றுப் பின்வாங்கி, பூட்டு வாஷர், வெளி நட்டு. டயல் கேஜில் முன்பின் ஆட்டம் 0.001 முதல் 0.006 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். முழுக்க ஒடித்தால் மட்டும் சத்தம் வந்தால் ஷாஃப்ட் கிராஸின் காதுகள் முட்டுகின்றன. நக்கிளில் உள்ள நிறுத்தத் திருகை இன்னும் வெளியே நீளும்படி திருகி ஒடிப்பைக் குறையுங்கள்.

நின்ற இடத்தில் ஒடித்தால் முன்பக்கம் ‘கிரீச்’

செரோக்கிக்குத் தனிச் சட்டம் கிடையாது, மடித்த தகடுதான் சட்டம். கனமான ஆக்ஸிலும் 35 அங்குல டயரும் ஒடிக்கும் பலம் முழுவதும் ஸ்டியரிங் பெட்டியின் போல்ட்டுகள் வழியே அந்தத் தகட்டுக்குப் போகிறது. பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே அலுமினிய இடைக்கட்டை ஒன்று உண்டு, முதலில் உடைவது அதுதான். அதற்குப் பதில் இரும்புக் கட்டை போடுங்கள். பிறகு சேற்றைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, போல்ட் ஓட்டைகளைச் சுற்றி விளக்கடித்துப் பாருங்கள். பெயின்டில் துரு நிறத்தில் மெல்லிய கோடு ஓட்டையிலிருந்து கிளம்பியிருந்தால் அது விரிசல். விரிசலின் நுனியில் 1/8 அங்குல ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. பிறகு வெட்டி நிரப்பி, வெளிப்பக்கம் 3/16 அங்குலத் தகடு ஒன்றைப் பெட்டிக்கு முன்னும் பின்னும் ஆறு அங்குலம் நீளும்படி வைத்து வெல்டிங். தகட்டின் முனைகளைச் செங்குத்தாக வெட்டாமல் மீன்வால் மாதிரிச் சாய்த்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் புது விரிசல் தகடு முடியும் இடத்திலேயே ஆரம்பிக்கும்.